படிக்கவொண்ணாத் தாளில் கைநாட்டு!

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அண்மையில் தம் கைப்பேசியை நம்மிடம் நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, பாருங்கள்" என்றார். அவர் படிக்க விரும்பியது ஒரு தமிழ் நாளிதழின் இணையப் பக்கம். படிக்கவிடாமல் திரையின் பாதியை மறைத்துக்கொண்டு ஆங்கிலப் பலகையொன்று நின்றது. அதன் அடியில் பெரிய வண்ணக் கட்டம்; அக்கட்டத்துள் ஓர் ஆங்கிலச் சொல். "நாள்தோறும் இதை அழுத்திவிட்டுத்தான் செய்தி படிக்கிறேன். அழுத்தாவிடில் விலகமாட்டேன் என்கிறது. எதற்கு ஒப்புகிறேன் என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது" என்றார் அவர். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் அடுத்த வரிக்குச் செல்லாதீர்கள் என்று மாணவர்க்கு வாழ்நாளெல்லாம் கற்பித்தவர் அவர். அவரையே அந்தப் பலகை நாள்தோறும் கைநாட்டாளராக்கி வைத்திருக்கிறது.

கைநாட்டு என்றால் என்னவென்று தமிழனுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. வட்டிக்கடைக்காரன் நீட்டிய தாளில் என்ன எழுதியிருந்தது என்று அறியாமலே பெருவிரலை ஒற்றி, நிலத்தையும் வீட்டையும் இழந்த குடும்பங்கள் நம் ஊர்கள்தோறும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாமையால் நேர்ந்த கேடு அது. இன்றோ தமிழர் எழுதப் படிக்கக் கற்றனர், பட்டங்கள் பெற்றனர், கைக்கொரு கைப்பேசியும் பெற்றனர். ஆயினும் கைநாட்டு ஒழியவில்லை. தாள் கண்ணாடியாக மாறியிருக்கிறது. மை ஒளியாக மாறியிருக்கிறது. விரல் மட்டும் அதே விரல். அறியாமையும் அதே அறியாமை! இம்முறை நாம் படிக்கத் தெரியாதவர்களாய் இருப்பதனால் அன்று, நமக்குப் புரியும் மொழியில் எழுதக்கூடாது என்று பிறர் முடிவு செய்துவிட்டதனால் இவ்வறியாமை நம்மேல் சுமத்தப்பெற்றுள்ளது. அதை நாமும் வாய்திறவாது ஏற்றுக்கொண்டுள்ளோம். இதுவே நம் குற்றச்சாட்டு.

அப்பலகை எதற்கு இசைவு கேட்கிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் 'குக்கி' எனவும் நற்றமிழில் 'நினைவி' எனவும் வழங்கும் சிறு எழுத்துத் துணுக்கினை நம் கருவியில் இட்டுவைப்பதற்கே அவ்விசைவு கேட்கப்படுகிறது. நாம் ஓர் இணையத்தளத்தைத் திறக்கையில், அத்தளம் வைக்கப்பெற்றுள்ள வழங்கிக்கணினி பக்கத்தை நமக்கு அனுப்புகிறது. அனுப்பிய மறுநொடியே நம்மை மறந்துவிடுகிறது. அடுத்த பக்கத்தை நாம் கேட்கும்பொழுது, சற்றுமுன் வந்தவர் இவர்தாம் என்பது அதற்குத் தெரியாது. இணையம் அவ்வாறே அமைக்கப்பெற்றது. இக்குறையை நீக்கவே வழங்கியானது பக்கத்தோடு ஒரு துணுக்கையும் சேர்த்து அனுப்புகிறது. நம் உலாவி அதைச் சேர்த்து வைத்து, அத்தளத்துக்கு மீண்டும் செல்லும்போதெல்லாம் அதைத் திருப்பிக் காட்டுகிறது. ஒரு நினைவியின் அளவு ஏறத்தாழ 4 ஆயிரம் எழுத்துகளுக்குள் அடங்கும். பெரும்பாலும் அதில் இருப்பது ஒரு நீண்ட எண்ணே.

கோயில் வாயிலில் காலணி காப்பாரிடம் செருப்பை விட்டால் ஒரு வில்லை தருவாரல்லரோ? அது போன்றதே இது. வில்லையில் ஓர் எண் மட்டுமே இருக்கும். செருப்பு எவருடையது, எந்த அடுக்கில் உள்ளது என்பதெல்லாம் வில்லையில் இரா. எண்ணுக்குரிய செருப்பு அவரிடம் இருக்கும். அவ்வாறே நினைவி நம்மிடம் இருக்கிறது. அதற்குரிய பேரேடு அவர்களிடம் இருக்கிறது. நினைவி தானே இயங்கும் நிரலும் அன்று. கருவியைக் கெடுக்கும் நச்சும் அன்று. கேடு நினைவியில் இல்லை. அந்தப் பேரேட்டில்தான் இருக்கிறது.

1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெட்சுகேப்பு நிறுவனத்தில் பணியாற்றிய உலூ மாண்டுல்லி என்னும் நிரலாளர் இதனை அமைத்தார். இணையக் கடையில் ஒருவர் தேர்ந்தெடுத்த பொருள்களை, அவர் அடுத்த பக்கத்துக்குச் செல்லும்பொழுதும் கூடையில் வைத்திருக்க வேண்டும் என்பதே அன்றைய தேவை. அதில் குற்றம் ஏதுமில்லை. இன்றும் மின்கட்டணம் செலுத்தவும், தொடர்வண்டிக்கு முன்பதிவு செய்யவும், மின்னஞ்சலைத் திறக்கவும் இவ்வகை நினைவி இன்றியமையாதது. அதனை நாம் எதிர்க்கவில்லை. வீட்டு வேலைக்கு வந்தவன் வேலையைச் செய்து போவதை எவர் எதிர்ப்பார்?

நாம் எதிர்ப்பது வேலைக்காரன் பின்னே அழையாமல் நுழைந்த மற்றொருவனை. ஓர் இணையப் பக்கத்தில் அத்தளத்துக்கு உரியன மட்டும் இருப்பதில்லை. விளம்பரங்களும், கண்ணுக்குப் புலப்படாத நுண்படங்களும், எண்ணிக்கை எடுக்கும் நிரல்களும் வேற்று நிறுவனங்களின் வழங்கிகளிலிருந்து வந்து அதனுள் ஒட்டிக்கொள்கின்றன. அவ்வாறு வரும் ஒவ்வொன்றும் தன் நிறுவனத்தின் நினைவியை நம் கருவியில் இட இயலும். ஆங்கிலத்தில் இதனை மூன்றாம் தரப்பு நினைவி என்பர். ஒரே விளம்பர நிறுவனம் பல்லாயிரம் தளங்களில் ஒட்டிக்கொண்டிருப்பதால், அத்தளங்கள் அனைத்திலும் ஒரே வில்லையைக் காட்டி நாம் நடமாடுகிறோம். துணிக்கடை வாயில், மருந்துக்கடை வாயில், அடகுக்கடை வாயில், படிப்பக வாயில் ஆகிய எல்லா வாயில்களிலும் ஒரே ஆள் ஏட்டோடு நின்று, இன்ன எண்ணுடையார் இன்ன நேரத்தில் வந்தார், இன்னதைப் பார்த்தார், இத்துணை நேரம் நின்றார் என்று குறித்துக்கொண்டால் அவனை நம் முன்னோர் எப்பெயரிட்டு அழைத்திருப்பர்? ஒற்றன் என்றே அழைத்திருப்பர்!

வள்ளுவர் ஒற்றாடல் என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அதனைப் பொருட்பாலில், அரசன் கடமைகளின் இடையே வைத்தார். நாட்டைக் காக்கும் பொறுப்புடையவனுக்கே ஒற்றை வகுத்தார். சரக்கு விற்பவனுக்கு வகுத்தாரல்லர். இன்று செருப்பு விற்பவனுக்கும் ஒற்றுப்படை உண்டு. சோப்பு விற்பவனுக்கும் ஒற்றுப்படை உண்டு. கருவுற்ற பெண் மருத்துவச் செய்தி தேடினால், அவள் கணவனுக்குச் சொல்லுமுன் விளம்பரக்காரனுக்குச் செய்தி எட்டிவிடுகிறது. கடனில் தவிப்பவன் வழி தேடினால், அவன் திரை முழுதும் கடன் கொடுப்பாரின் விளம்பரங்கள் மொய்க்கின்றன. இது நினைவுதவி அன்று, வேட்டை!

இவ்வேட்டைக்கு அவர்கள் இட்ட பெயரைப் பாருங்கள். கணினித் துறையினர் தமக்குள் வழங்கிய ஒரு குழூஉக்குறியிலிருந்து 'குக்கி' என்னும் பெயர் வந்தது. பொதுமக்கள் காதிலோ அது அமெரிக்கச் சிறுவர் பாலில் தோய்த்துத் தின்னும் இனிப்பு ஈரட்டியின் பெயராகவே விழுகிறது. 'இனிப்பு ஈரட்டி ஏற்கிறீர்களா?' என்று கேட்டால் எவர் மறுப்பார்? 'உம் பின்னே ஓர் ஒற்றனை அனுப்ப ஒப்புகிறீரா?' என்று கேட்டால் எவர் ஒப்புவார்? தூய தமிழ்ச் சொல் வேண்டும் என்று நாம் கேட்கும்போதெல்லாம், "பெயரில் என்ன இருக்கிறது? புரிந்தால் போதாதா?" என்று எள்ளி நகையாடுவோர் இவ்விடத்தில் சற்றே நிற்கட்டும். 'குக்கி' என்று தமிழெழுத்தில் எழுதிவிட்டால் எவருக்கு என்ன புரிந்தது? அத்தமிழாசிரியருக்குப் புரிந்ததா? வேற்றுச்சொல் பொருளை மறைக்கிறது. தன்மொழிச்சொல் பொருளைத் திறக்கிறது. உலாவுவது உலாவி, வழங்குவது வழங்கி, நினைவில் வைப்பது நினைவி. சிறுவனும் கேட்ட அளவிலே, 'எதை நினைவில் வைக்கிறது? எவருக்காக வைக்கிறது?' என்று வினவுவான். அவ்வினா எழுந்துவிட்டால் பாதி விடுதலை வந்துவிட்டது என்க. அயலார் இடுவதை 'ஒற்று நினைவி' என்றே நாம் அழைப்போம். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வெறும் சொல்லழகுக்காகத் தோன்றியதன்று. தமிழன் தன் அறிவால் தானே உணரவேண்டும் என்பதற்காகத் தோன்றியது.

தீங்கு வருமென்று அறிந்தோர் அன்றே எச்சரித்தனர். 1997-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் இணைய நெறி வகுப்போர் வெளியிட்ட முதல் நினைவி நெறியேடு, பயனர் தாமாக விரும்பினாலன்றி அயலார் நினைவிகளை உலாவிகள் ஏற்றல் கூடாது என்று கூறிற்று. அன்றைய பெரிய உலாவிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. விளம்பர வருவாய் நெறியை வென்றது. பல்லாண்டு கழித்தே சிலர் திருந்தினர். மொசில்லாவின் பயர்பாக்சு உலாவி 2019-இல் பின்தொடரும் நினைவிகளை இயல்பாகவே தடுக்கத் தொடங்கிற்று. ஆப்பிளின் சபாரி 2020 மார்ச்சில் அயலார் நினைவிகள் அனைத்தையும் தடுத்தது. உலகில் மிகப் பலர் பயன்படுத்தும் குரோம் உலாவியை உடைய கூகுள் நிறுவனமோ, ஈராண்டில் அவற்றை ஒழிப்பதாக 2020 சனவரியில் அறிவித்தது. பின்னர் மீண்டும் மீண்டும் நாள் தள்ளிற்று. 2024 சூலையில் அத்திட்டத்தையே கைவிட்டது. 2025 ஏப்பிரலில், பயனரைத் தனியே வினவும் பலகையும் வைக்கமாட்டோம் என்றது. உலாவியை நமக்கு விலையின்றித் தருகிறவரே விளம்பரமும் விற்கிறார் என்பதை நினைவிற் கொண்டால் இதில் வியப்பில்லை. பூனையிடம் பால்குடத்தை ஒப்படைத்துவிட்டுக் கறந்த பாலை அளந்து பார்ப்பதால் என்ன பயன்?

பிற நாட்டு மக்கள் வாளாவிருந்தனரா? இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் இதற்கென நெறியிட்டு, 2009-இல் அதைத் திருத்தி, தேவையற்ற நினைவிகளை இடுமுன் பயனரின் இசைவைப் பெறவேண்டும் என்று விதித்தது. 2018 மே 25 முதல் அங்கு நடப்புக்கு வந்த தரவுக்காப்புச் சட்டம் அவ்விசைவு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதை வரையறுத்தது. முன்னரே சரிக்குறி இட்டுவைத்த கட்டத்தை ஒருவர் நீக்காமல் விட்டமை இசைவாகாது என்று ஐரோப்பிய ஒன்றிய முறைமன்றம் 2019 அக்டோபர் முதல் நாள் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஓர் அழுத்தும் மறுப்பதற்குப் பல அழுத்துகளும் வைத்த குற்றத்துக்காகப் பிரான்சு நாட்டின் தரவுக்காப்பு ஆணையம் 2021 திசம்பர் இறுதியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேசுபுக்கு நிறுவனத்துக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்தது. மறுப்பும் ஏற்பைப் போலவே எளிதாய் இருத்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் உயிர். இவ்வாணையெல்லாம் பிரெஞ்சுக்காரனுக்குப் பிரெஞ்சு மொழியிலும் செருமானியனுக்குச் செருமானிய மொழியிலும் கேள்வி கேட்கப்படும் நாட்டில் பிறந்தவை என்பதை மறவாதீர். அங்கே மொழிச்சிக்கல் இல்லாமலே மக்கள் ஏமாற்றப்படுகின்றனர் என்றால், வேற்றுமொழியில் வினவப்படும் நம் நிலை என்ன?

இனி நம்மேல் ஆட்சி செலுத்தும் தில்லி அரசு என்ன செய்திருக்கிறது என்று காண்போம். 2017 ஆகத்து 24-இல் இந்திய உச்ச முறைமன்றத்தின் ஒன்பது நடுவர் கொண்ட ஆயம், தனியுரிமை என்பது அடிப்படை உரிமையே என்று ஒருமனமாகத் தீர்ப்பளித்தது. ஆறாண்டு கழித்து, 2023-இல், மின்னியல் தன்தரவுக் காப்புச் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டத்தில் 'நினைவி' என்னும் பொருள் பெயர் சுட்டிக் கூறப்படவில்லை. எனினும் ஒருவரை அடையாளம் காட்டவல்ல தரவு அனைத்தையும் அது தழுவுகிறது. அதன் ஆறாம் பிரிவு, இசைவானது கட்டற்றதாய், குறித்ததாய், அறிந்து தந்ததாய், ஐயத்துக்கு இடமற்றதாய் இருத்தல் வேண்டும் என்கிறது. தந்த இசைவை எவ்வளவு எளிதாகத் தந்தோமோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு என்கிறது. நமக்கு எல்லாவற்றினும் தலையாயது மற்றொன்று: இசைவு கேட்கும் வேண்டுகோளையும் அதற்குரிய அறிவிப்பையும் ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எம்மொழியிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தரவேண்டும் என்று ஐந்தாம் பிரிவும் ஆறாம் பிரிவும் கட்டளையிடுகின்றன. எட்டாம் அட்டவணையில் தமிழ் உண்டு. எனவே, தமிழில் கேள் என்று கேட்பது இனி நம் ஆவல் மட்டுமன்று; சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை!

அதற்காகத் தில்லிக்கு நன்றிப் பாமாலை சூட்ட வேண்டா. சட்டம் வந்து இரண்டாண்டுக்கு மேல் கழிந்து, 2025 நவம்பரில்தான் விதிகள் வெளிவந்தன. அவ்விதிகளிலும், அறிவிப்பும் இசைவும் பற்றிய தலையாய கடமைகள் பதினெட்டுத் திங்கள் கழித்தே, அஃதாவது 2027 மே திங்களில்தான் நடப்புக்கு வரும் என்று தவணை கொடுக்கப்பெற்றுள்ளது. மேலும், அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு அறிவிக்கை வாயிலாக விலக்களித்துக்கொள்ளச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு வழி வைத்துள்ளது. வணிகனின் ஒற்றைக் கட்டுப்படுத்துவதாகக் கூறிக்கொண்டே தன் ஒற்றுக்கு வாயிலைத் திறந்துவைத்துள்ள ஆட்சி இது. இன்னும் ஒன்று: சட்டம் வாய்ப்புத் தரவேண்டும் என்கிறதேயன்றி, தமிழ்நாட்டில் தமிழே முதலில் தோன்றவேண்டும் என்று கூறவில்லை. ஆங்கிலத்தில் அரைத்திரைப் பலகையை நிறுத்திவிட்டு, அதன் மூலையில் கடுகளவு எழுத்தில் பிறமொழிப் பட்டியலை ஒளித்துவைத்தால் போதும் என்று நிறுவனங்கள் வாதிடும். நாம் விழிப்பாயிராவிடில் அதுவே நடக்கும்.

"தமிழில் வைத்தால் மட்டும் எவர் படிக்கப் போகிறார்? ஆங்கிலம் அறிந்தவரே படிப்பதில்லையே" என்பர் சிலர். உண்மையே, ஆங்கிலம் அறிந்தோரும் படிக்காமல் அழுத்துகின்றனர். ஆனால் படிக்க இயன்றும் படியாதவன் தன் உரிமையைத் தானே துறந்தவன். படிக்கவே இயலாதபடி வைக்கப்பெற்றவன் உரிமையைப் பறிகொடுத்தவன். இரண்டும் ஒன்றாகா. "நான் குற்றம் ஏதும் செய்யவில்லை, எவன் பார்த்தால் எனக்கென்ன?" என்பர் வேறு சிலர். நீர் குற்றமற்றவர்தாம்; ஆயினும் உம் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டன்றோ? குற்றம் மறைப்பதற்காகவா தாழிடுகிறீர்? "இவையெல்லாம் விலையின்றிக் கிடைக்கின்றனவே, அதற்கு இது விலை" என்பர் இன்னும் சிலர். விலை என்றால் வாங்குவோனுக்கு அது தெரியவேண்டும். விலையை வேற்றுமொழியில் எழுதி, எவ்வளவு என்று சொல்லாமல், பையில் கைவிட்டு எடுத்துக்கொள்வதற்கு வணிகம் என்று பெயரில்லை.

சட்டம் வரும்வரை கைகட்டியிருக்கத் தேவையில்லை. இன்றே, இப்பொழுதே செய்யத்தக்கன உள்ளன. அன்பர்கள் தத்தம் கைப்பேசியையும் கணினியையும் எடுத்துக்கொண்டு பின்வருவனவற்றைச் செய்க.

முதலாவது, உலாவியின் மொழியைத் தமிழாக்குக. குரோமும் பயர்பாக்சும் தமிழில் கிடைக்கின்றன. அமைப்புகளில் மொழி என்னும் பகுதியுள் சென்று தமிழைத் தேர்ந்தால், பின்வரும் செயல்கள் அனைத்தையும் எவர் துணையுமின்றிச் செய்யலாம்.

இரண்டாவது, ஒற்று நினைவிகளைத் தடுக்க. குரோமில் மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, அமைப்புகளுள் தனியுரிமைப் பகுதியைத் திறந்தால், மூன்றாம் தரப்புக் குக்கிகள் பற்றிய இடம் வரும். அங்கே 'தடு' என்பதைத் தேர்க. பயர்பாக்சில் மூன்று கோடுகளை அழுத்தி, அமைப்புகளுள் தனியுரிமைப் பகுதியில் பின்தொடர்தற் காப்பைக் கடுமையான நிலையில் வைக்க. சபாரி இதனை இயல்பாகவே செய்கிறது. அதனை எவரும் அணைத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது, ஏற்கெனவே குவிந்திருப்பவற்றை அழிக்க. அதே தனியுரிமைப் பகுதியில் உலாவல் தரவை அழிக்கும் ஏந்து உண்டு. அழித்தால் நீங்கள் உள்நுழைந்திருந்த தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். ஆகவே கடவுச்சொற்களை நினைவிற் கொண்டு அழிக்க. உலாவியை மூடும்பொழுதெல்லாம் தானே அழிக்குமாறும் பயர்பாக்சில் அமைக்கலாம். இவ்வாறு நாமே அழிக்காவிடில் ஒரு நினைவி நெடுநாள் தங்கவல்லது. குரோமில் அதற்குரிய உச்சவரம்பே 400 நாள்.

நான்காவது, எல்லா நினைவிகளையும் ஒருசேரத் தடுத்துவிடாதீர். அவ்வாறு செய்தால் மின்னஞ்சலும் வைப்பகக் கணக்கும் திறவா. வீண் வெறுப்பு மிகுந்து, பழைய நிலைக்கே திரும்புவீர்கள். வேலைக்காரனை விடுக, ஒற்றனைத் தடுக்க.

ஐந்தாவது, பிறர் கருவியைப் பயன்படுத்தும்போது மறைநிலைச் சாளரத்தைத் திறந்து பணியாற்றுக. மூடியவுடன் அதில் விழுந்த நினைவிகள் அழிந்துவிடும். ஆயினும் அது உம்மைக் காணாதவராக்கிவிடும் என்று நம்பாதீர். இணைய இணைப்புத் தருபவரும், நீர் பெயர் சொல்லி உள்நுழைந்த தளமும் அப்பொழுதும் உம்மைக் காண்பர்.

ஆறாவது, பலகை தோன்றும்போதெல்லாம் மறுக்கும் வழியைத் தேடி அழுத்துக. பெரிய வண்ணக் கட்டம் பெரும்பாலும் அவர்கள் விரும்புவது. மங்கலாய், சிறிதாய், ஓரத்தில் இருப்பதே பெரும்பாலும் நாம் தேடுவது. மறுக்கும் கட்டமே இல்லாத தளமாயின் அதன் உள்ளத்தை அதுவே காட்டிவிட்டது என்று கொள்க.

இவை நம் கருவியைக் காப்பன. நம் இனத்தின் உரிமையைக் காப்பதற்கு வேறொரு பணி உண்டு. அது நம் வீட்டிலேயே தொடங்கவேண்டியது. தமிழ் இதழ்களே! தமிழ்ப் பதிப்பகங்களே! தமிழ் அமைப்புகளே! உங்கள் இணையப் பக்கத்தில் தலைப்பு தமிழ், செய்தி தமிழ், முழக்கம் தமிழ். இசைவு கேட்கும் பலகை மட்டும் ஏன் ஆங்கிலம்? வெளிநாட்டு நிறுவனம் செய்து கொடுத்த பலகையை அப்படியே ஒட்டிக்கொண்டோம் என்பது விடையாகாது. வாயிலில் எவன் நிற்கிறான் என்று பாராமல் வீட்டைக் கட்டியவன், உள்ளே தமிழ்ப்பற்றுப் பேசி என்ன பயன்? எழுதத் தெரியவில்லையெனில், இதோ எழுதித் தருகிறோம், எடுத்தாள்க:

'இத்தளம் இயங்குவதற்கு இன்றியமையாத நினைவிகளை உங்கள் கருவியில் வைக்கிறோம். இவையன்றி, உங்கள் விருப்பங்களை அறிந்து விளம்பரம் காட்ட அயல் நிறுவனங்களும் நினைவி வைக்க விரும்புகின்றன. இதற்கு நீங்கள் இசையவும் மறுக்கவும் உரிமையுடையீர்கள். மறுத்தாலும் தளத்தை முழுமையாகப் படிக்கலாம். தந்த இசைவை எப்பொழுதும் திரும்பப் பெறலாம்.' இதன் கீழ் ஒத்த அளவில், ஒத்த வண்ணத்தில் மூன்று கட்டங்கள்: 'இசைகிறேன்', 'மறுக்கிறேன்', 'தேர்ந்தெடுக்கிறேன்'.

எத்துணை எளிது! இதில் தமிழுக்கு இயலாதது எது? கலைச்சொல் வறுமையா? இடவறுமையா? இல்லை, இருப்பது மானவறுமை ஒன்றே.

அயலார் நிறுவனங்களிடமும் நாம் கேட்கவேண்டும். தமிழ்நாட்டில் வணிகம் செய்யும் தளம் எதுவாயினும், அதன் குறைதீர்ப்பு முகவரிக்கு ஒவ்வோர் அன்பரும் திங்களுக்கு ஒரு மடலேனும் தமிழில் எழுதுக: 'உங்கள் இசைவுப் பலகையைத் தமிழில் தருக, மறுப்பை ஏற்பைப் போல் எளிதாக்குக.' 2027 மே வந்தபின் அக்கடமையைச் செய்யாதவர்மேல் தரவுக்காப்பு வாரியத்தில் முறையிடலாம். இத்தகைய கடமை தவறியோர்க்கு 50 கோடி உருவா வரையில் தண்டம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உரிமையைக் கேட்போர் இல்லாத இடத்தில் சட்டம் வெறுந்தாள். ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே வந்த தமிழ்நாட்டில், தமிழுக்காக இன்னும் போராடிக்கொண்டிருக்கும் நமக்கு இதனை எவரும் கற்பிக்க வேண்டா.

மொழி என்பது மேடையில் போற்றவும் மாலையிட்டு வணங்கவும் மட்டும் உரியதன்று. 'ஒப்புகிறேன்' என்றும் 'ஒப்பமாட்டேன்' என்றும் ஒருவன் தன் வாயால் சொல்லும் உரிமைக்குப் பெயரே மொழி. எம்மொழியில் ஒருவனால் மறுக்க இயலவில்லையோ, அம்மொழியில் அவனிடம் இசைவு கேட்பது அவனை அடிமையெனக் கருதுவதாகும். அத்தமிழாசிரியரின் கைப்பேசியில் தமிழை முதல் மொழியாக்கி, ஒற்று நினைவிகளைத் தடுத்துக் கொடுத்தோம். மறுநாள் அவர் அந்நாளிதழுக்கே தம் கையால் ஒரு மடல் எழுதினார். அம்மடலில் இருந்தது ஒரே ஒரு வினா: 'என்னிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதை என் மொழியில் கேட்பீர்களா?'

அவ்வினாவைத் தமிழர் ஒவ்வொருவரும் கேட்கட்டும். விடை வரும்வரை அந்த வண்ணக் கட்டத்தின்மேல் நம் விரல் படாதிருக்கட்டும்!